மரத்திலிருந்து விழுந்த மாமா

என் புருஷன் எனக்குத் தாய்மாமன். எங்கம்மாவோட கடைசித் தம்பி. இதைச் சொன்னதும் சில பேரோட மூஞ்சி போற போக்கைப் பார்க்கணுமே! கொள்ளேகால் பக்கம் எங்க ஊரு ராமாபுரத்துல யாரும் எங்களை அப்படிப் பார்த்ததில்லை. நான் பிறந்த அன்னிக்கே "தம்பிக்குப் பொண்டாட்டி வந்தாச்சு"ன்னு சிரிச்ச ஊரு அது. வளர்ந்தப்புறம் வீட்டுல கேட்டாங்க, எனக்கும் அவரைப் பிடிச்சிருந்துச்சு, கட்டிக்கிட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியும் மாமா, அதுக்கு அப்புறமும் மாமா. அவர் மைசூர்ல அக்ரஹாரம்ங்கிற ஏரியாவுல எலக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கார். நான் ஒரு பிரைவேட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். இதுல மூடி மறைக்க என்ன இருக்கு?

இதை எடுத்த எடுப்புல சொல்லக் காரணம் இருக்கு. இந்த ஒரு சமாச்சாரத்தை ஒரு போன் விளையாட்டு ஒத்துக்க மாட்டேன்னுச்சு. அதனால என் பொண்ணுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லத்தான் உட்கார்ந்திருக்கேன். கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம்னு ரொம்ப நாள் இருந்தேன். அது ஆற மாதிரி தெரியல.

என் பொண்ணு எட்டாவது படிக்கிறப்ப, தரையிலிருந்து எந்திரிக்கறதுக்கு முழங்கால்ல கை ஊன ஆரம்பிச்சா. முதல்ல சோம்பேறித்தனம்னு நானே திட்டியிருக்கேன். பக்கத்து வீட்டம்மா சத்து இல்லைன்னு ராகிக் கஞ்சி கொண்டு வந்து குடுத்தாங்க. ஸ்கூல் மாடிப்படியில ரெண்டு தடவை விழுந்ததுக்கு அப்புறம்தான் பெரிய டாக்டர்கிட்ட போனோம். அவர் அவளோட காலை அமுக்கிப் பார்த்தார், எங்க ரெண்டு பேரையும் பார்த்தார், "சொந்தத்துல கல்யாணமா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "நீங்க டீச்சர்னு வேற சொல்றீங்க. படிச்சவங்களே இப்படிப் பண்ணினா எப்படி மேடம்?"

பொண்ணை எதிர்ல உட்கார வச்சுக்கிட்டு கேட்கிற கேள்வியா இது? "சரிங்க டாக்டர், கல்யாணத்தைத் திருப்பிக் குடுத்துடறோம். இப்ப இவ காலுக்கு என்ன வைத்தியம், அதைச் சொல்லுங்க"ன்னேன். மாமா என் கையை அழுத்தினார். அவருக்கு நான் எங்கே போனாலும் கையை அழுத்தறதே வேலை.

ரத்தம் எடுத்து ஜீன் டெஸ்டுக்கு அனுப்பினாங்க. வந்த பதில் வயித்தெரிச்சல். உடம்புல தசையைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு ஜீன்ல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு. அப்பாகிட்டேர்ந்து வந்த பிரதியிலயும் அதே மாற்றம், என்கிட்டேர்ந்து வந்த பிரதியிலயும் அதே மாற்றம். ஆனா அந்த மாற்றம் நோய் குடுக்குமா, சும்மா இருக்குமான்னு தெரியாதாம். உலகத்துல இருக்கிற கணக்குல எங்க மாதிரி ஆளுங்களோட ஜீன் ரொம்பக் கம்மியாம், அதனால ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லையாம். பொருள் தெரியாத மாற்றம்னு போட்டு அனுப்பிட்டாங்க. நடக்க முடியாம பொண்ணு நிக்கிறா, இவங்களுக்குப் பொருள் தெரியலையாம்!

அங்கே இருந்த இன்னொரு சின்ன வயசு டாக்டரம்மாதான் மனுஷி மாதிரி பேசினாங்க. பெங்களூர்ல இந்த வகை நோய்க்கு ஒரு புது மருந்தைப் பரிசோதிக்கப் போறாங்க. அதுல சேர ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, இந்த ஜீன்தான் காரணம்னு உறுதியாகணும். ரெண்டாவது, யார் பிடிமானமும் இல்லாம பத்து மீட்டர் நடக்கணும். "இன்னிக்கு இவ நடக்கறா. உறுதிதான் சீக்கிரம் ஆகணும்"னாங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது எங்க ஓட்டம். அவ கால் நிக்கிறதுக்கு முன்னாடி அந்த எழுத்துக்குப் பொருள் கண்டுபிடிச்சாகணும்.

அந்த டாக்டரம்மா சொல்லித்தான் ஒரு கல்யாண மண்டபத்துல நடந்த ஜீன் ஆராய்ச்சி முகாமுக்குப் போனோம். வாசல்ல கன்னடத்துல பேனர்: விளையாடுங்க, விஞ்ஞானி ஆகுங்க. எனக்கு அதைப் பார்த்ததுமே பத்திக்கிட்டு வந்துச்சு. சாமராஜநகர், ஹனூர், கொள்ளேகால் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஜனங்க, மடியில நடக்க முடியாத பிள்ளைங்களை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இவங்ககிட்ட வந்து விளையாடுங்கன்னா?

ஆனா விஷயம் இருந்துச்சு. அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். போன்ல ஒரு விளையாட்டு. மனுஷன், குரங்கு, எலி, கோழி, மீன்னு ஒவ்வொருத்தருக்கும் ஒரு வரிசை, வரிசை பூரா கலர் கட்டைங்க. ஒரே ஜீனோட எழுத்துங்கதான் அந்தக் கலருங்க. வரிசைகளை இடதும் வலதுமா தள்ளி, ஒரே கலர் ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா வர்ற மாதிரி அடுக்கணும். கம்ப்யூட்டர் தடுமாறுற இடத்துல மனுஷக் கண்ணு சட்டுனு பிடிச்சிடுமாம். மீன்லேர்ந்து மனுஷன் வரைக்கும் ஒரு இடம் கலர் மாறாம இருந்தா, அந்த எழுத்து ரொம்ப முக்கியம், அதுல கை வைக்கக் கூடாதுன்னு அர்த்தம். நோய் இருக்கிற குடும்பங்களுக்குத் தனி லெவல் வச்சிருந்தாங்க. அதுல அவங்கவங்க ஜீனே வரும், கடைசி வரிசையில அவங்க பிள்ளையோட எழுத்தும் வரும்.

"இது நல்லாருக்கும்மா"ன்னா என் பொண்ணு. ரொம்ப நாளைக்கு அப்புறம் அவ வாயிலேர்ந்து வந்த நல்ல வார்த்தை.

முதல்ல குடும்ப மரத்தைக் கட்டினாத்தான் அந்த லெவல் திறக்கும். போன்ல ஒரு மரம் வரும், கிளைகள்ல ஒவ்வொருத்தர் படமா மாட்டணும். எங்களுக்கு உதவிக்கு ஒரு காலேஜ் பொண்ணு உட்கார்ந்திருந்தா. கன்னடமும் தமிழும் கலந்து படபடன்னு பேசுவா. என் அம்மாவோட தம்பியா மாமா படத்தை மாட்டினா. சரி. அப்புறம் என் புருஷனா அதே படத்தை மாட்டினா. மரம் ஒரு குலுக்கு குலுக்குச்சு. டொய்ங்னு ஒரு சத்தம். மாமா கீழே விழுந்துட்டார்.

மறுபடி மாட்டினா. மறுபடி டொய்ங்.

"இதுல ஒரு ஆள் ஒரு தடவைதான் வரலாம் ஆன்ட்டி. ரெண்டு இடத்துல வச்சா தப்புன்னு எடுத்துக்கும்"னு சொல்லிட்டு, அந்தப் பொண்ணு சர்வ சாதாரணமா ஒரு புது ஆளை உண்டாக்கி, ஒரு பொம்மை முகத்தைப் போட்டு, என் புருஷன் இடத்துல மாட்டிட்டா. மரம் பச்சையா மின்னுச்சு. லெவல் திறந்துச்சு.

"ஏம்மா, யாருமா இந்த ஆளு? என் புருஷன் இதோ பக்கத்துல உட்கார்ந்திருக்கார். நீ எனக்கு வேற ஒருத்தனைக் கட்டி வச்சிருக்கியே!"

"அய்யோ ஆன்ட்டி, எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம். இல்லாட்டி அடுத்த ஸ்க்ரீனுக்குப் போகாது."

"போகலைன்னா உங்க பெரியவர்கிட்ட சொல்லு. ஜீனைப் பத்தின விளையாட்டுல அப்பன் யாருன்னு தப்பா எழுதினா அப்புறம் என்ன மயி..." அதுக்குள்ள மாமா கையை அழுத்தினார். "விடு கண்ணு, பொம்மை விளையாட்டுதானே. பிள்ளை ஆசையா இருக்கா பாரு"ன்னார். அவ ஏற்கனவே கட்டைங்களைத் தள்ள ஆரம்பிச்சிருந்தா. நான் அந்தப் பொண்ணுகிட்ட, "எழுதி வச்சுக்கோ, இந்த மரம் தப்பு"ன்னு மூணு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமா சொல்லிட்டுத்தான் எந்திரிச்சேன்.

அதுக்கப்புறம் எங்க வீட்டுல எப்பப் பார்த்தாலும் அந்த விளையாட்டுதான். ஸ்கூல்லேர்ந்து வந்ததும் அவ சுவரைத் தொடாம கூடத்துல நாலு நடை நடப்பா, அது டாக்டரம்மா சொன்ன பயிற்சி. அப்புறம் போனும் கையுமா உட்காருவா. நானும் ஸ்டாஃப் ரூம்ல டிபன் பாக்ஸைத் திறந்து வச்சுக்கிட்டு விளையாடுவேன். "என்ன டீச்சர், பசங்களைப் போன் தொடாதேன்னுட்டு நீங்க கேண்டி உடைக்கறீங்க?"ன்னு ஹிந்தி டீச்சர் கிண்டல் பண்ணினாங்க. கேண்டியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, என் பொண்ணோட கால்னு சொன்னேன். அவங்க அதுக்கப்புறம் என் பக்கத்துல உட்காரல.

என்னால அவ அளவுக்கு முடியல. அவளுக்குக் கண்ணு அப்படி. நான் ஒவ்வொரு கட்டையா எண்ணிக்கிட்டு இருப்பேன், அவ வரிசையை மொத்தமா பார்த்து ஒரே தள்ளு தள்ளுவா. ஒரு ஞாயித்துக்கிழமை நான் தோசை ஊத்திக்கிட்டு இருக்கேன். "அம்மா, வா, வா, சீக்கிரம் வா!"ன்னு கத்தறா. விழுந்துட்டாளோன்னு கரண்டியோட ஓடினேன். போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா.

"இந்த எடத்தைப் பாரும்மா. மீனுக்குப் பச்சை. கோழிக்குப் பச்சை. எலிக்கு, குரங்குக்கு, மனுஷனுக்கு, எல்லாருக்கும் பச்சை. எனக்கு மட்டும் சிவப்பு."

அவ சிரிச்சுக்கிட்டே சொன்னா. கண்டுபிடிச்ச சந்தோஷம். அடுப்புல தோசை கருகிக்கிட்டு இருந்துச்சு. அவளோட அந்த அடுக்குக்கு நிறைய பாயிண்ட் கிடைச்சுச்சு. வேற ஊர்ல விளையாடினவங்களும் அதே இடத்துல அதே மாதிரி அடுக்கியிருந்தாங்க. இனிமே என்ன, உறுதி ஆயிடும், பெங்களூருக்குக் கூப்பிடுவாங்கன்னு மாமா கடையில எல்லாருக்கும் மைசூர்பாகு குடுத்தார். நான்கூட கொஞ்சம் அடங்கியிருந்தேன்.

அந்த விளையாட்டை நடத்தறவங்ககிட்டேர்ந்து வந்த பதில் என்ன தெரியுமா? அந்த மாற்றம் பெரும்பாலும் தீங்கில்லாததாம்.

எனக்குப் புரியல. அந்த டாக்டரம்மாகிட்ட ஓடினேன். அவங்க படிச்சுப் பார்த்து, நிதானமா விளக்கினாங்க. சம்பந்தமே இல்லாத ஒரு ஆணும் பொண்ணும் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. ரெண்டு பேர்கிட்டயும் அதே அபூர்வமான எழுத்து மாற்றம் இருக்கு. ஒரு குடும்பத்துல இப்படின்னா தற்செயல்னு விடலாம். ஆனா உங்க பக்கத்துல பல குடும்பத்துல இப்படியே இருக்கு. அப்ப அந்த மாற்றம் ஊர்ல எக்கச்சக்கமான பேருக்கு இருக்குன்னு கணக்கு சொல்லும். எக்கச்சக்கமான பேருக்கு இருந்தும் ஊரு நல்லாத்தான இருக்கு? அப்ப அது நோய் குடுக்கிற மாற்றம் இல்லை. "உங்க பொண்ணு கண்டுபிடிச்ச பச்சையையும் பார்த்திருக்காங்க. ஆனா குடும்ப மரத்துல வந்த கணக்கு அதைவிட பலமா நின்னுடுச்சு. நீங்க ரெண்டு பேரும் சொந்தம் இல்லைன்னு இதுல இருக்கே?"

சொந்தம் இல்லை! எனக்கும் என் மாமாவுக்கும்! தாத்தாவோ பாட்டியோ, ஒரே ஆள்கிட்டேர்ந்து அக்காவான எங்கம்மா வழியா ஒரு பிரதி, தம்பியான மாமா வழியா ஒரு பிரதி, ரெண்டும் என் பொண்ணுகிட்ட வந்து சேர்ந்திருக்கு. இதைத்தான அந்தப் பெரிய டாக்டர் மூஞ்சியில அடிச்ச மாதிரி கேட்டார்? ஆஸ்பத்திரியில நாங்க சொந்தம்னு திட்டு வாங்கணும், விளையாட்டுல சொந்தமே இல்லைன்னு பொண்ணுக்கு மருந்து கிடைக்கக் கூடாது. என்னய்யா நியாயம் இது?

அந்த மரத்துக்காக விளையாட்டு ஆபீசுக்கு எத்தனை போன் பண்ணியிருப்பேன்! ஒவ்வொரு தடவையும் வேற வேற குரல், ஒரே பதில்: நோட் பண்ணிக்கிட்டோம் மேடம். கடைசியில அதே மண்டபத்துல பாராட்டு விழா வச்சாங்க. நிறைய விளையாடின குடும்பங்களுக்குச் சான்றிதழ், டி-ஷர்ட். என் பொண்ணுக்கு முதல் வரிசையில நாற்காலி. அன்னிக்கு அவ வாசல்லேர்ந்து நாற்காலி வரைக்கும் என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடந்தா. அதைப் பார்த்ததுமே எனக்கு உள்ளுக்குள்ள கொதிக்க ஆரம்பிச்சிடுச்சு.

மேடையில தலைமை விஞ்ஞானி, பெங்களூர்க்காரர், நீங்க எல்லாரும் மக்கள் விஞ்ஞானிகள்னு இங்கிலீஷ்ல பேசிக்கிட்டே போறார். என் பொண்ணைக் கூப்பிட்டாங்க. அவளுக்குப் பதிலா நான் மேலே ஏறினேன். மைக்கை வாங்கினேன். நன்றி சொல்லப் போறேன்னு நினைச்சுத்தான் குடுத்திருப்பார்.

முதல்ல கன்னடத்துல, அப்புறம் தமிழ்ல கேட்டேன். "இங்க உட்கார்ந்திருக்கறவங்கள்ல மாமனையோ, அத்தை பையனையோ, மாமா பையனையோ கட்டிக்கிட்டவங்க எத்தனை பேரு? கையைத் தூக்குங்க. வெட்கப்படாதீங்க, நானே மாமனைக் கட்டினவதான்."

சில பேர் பக்கத்துல இருந்த புருஷனைப் பார்த்தாங்க. அப்புறம் சாமராஜநகர்லேர்ந்து வந்த ஒரு அம்மா, மடியில பையனை வச்சுக்கிட்டே, "ஹௌது"ன்னு கன்னடத்துல ஆமா சொல்லிக் கையைத் தூக்கினாங்க. அவங்க பின்னாடி ஒரு வயசானவர். அப்புறம் இந்தப் பக்கம் நாலு கை. அப்படியே மண்டபத்துல பாதிக்கு மேல தூக்கிடுச்சு.

"உங்க மரத்துல உங்க வீட்டுக்காரர் விழுந்தாரா?"ன்னு கேட்டேன். ஒரே சிரிப்பு. விழுந்தார், விழுந்தார்னு நாலா பக்கமும் குரல். "அப்ப யாரை மாட்டினீங்க?" சிரிப்பு அடங்கிடுச்சு. எல்லாருக்கும் அந்தப் பொம்மை முகம்தான். அந்த மண்டபத்துல இருந்த பாதிப் பொம்பளைங்களுக்கு, பிறக்காத ஒருத்தனைப் புருஷனாக் கட்டி வச்சிருந்தாங்க.

விஞ்ஞானி முகத்துல ரத்தமே இல்லை. "இது எங்ககிட்ட யாரும் சொல்லல மேடம்"னார். அப்பத்தான் மேடைக்குக் கீழே அந்தக் காலேஜ் பொண்ணு அழறதைப் பார்த்தேன். "எங்க வீட்லயும் எங்கப்பா எங்கம்மாவுக்கு மாமாதான் ஆன்ட்டி. சார் முன்னாடி அதைச் சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. எப்படியும் மரம் மின்னினா போதும்னு நாங்க எல்லாருமே..."

எனக்கு அவ மேல இரக்கம் வந்திருக்கணும். வரல. நமக்கெல்லாம் தெரிஞ்ச ஒண்ணு, பெங்களூர்க்காரருக்குத் தெரிஞ்சா அசிங்கம்னு மறைச்சிருக்கா. அந்த ஆளும் தென்னாட்டு ஜனங்களுக்குன்னு ஒரு மரம் பண்ணிட்டு, தென்னாட்டுல எப்படிக் கட்டிக்கிறாங்கன்னு ஒரு வீட்டுலகூடக் கேட்கல. "உன் வெட்கத்துக்கும் இவரோட பவுசுக்கும் நடுவுல என் பொண்ணோட கால் போகுதடி"ன்னு மைக்லயே சொன்னேன். சான்றிதழை அங்கேயே வச்சுட்டு இறங்கினேன். டி-ஷர்ட்டை மட்டும் என் பொண்ணு கேட்டு வாங்கிக்கிட்டா, கலர் நல்லாருக்குன்னு.

திருத்தறோம்னாங்க. திருத்தவும் செஞ்சாங்க. ஆனா எவ்வளவு நிதானமா! மரத்தை மாத்தணும், எல்லாக் குடும்பத்தையும் மறுபடி கேட்கணும், ஒரு கமிட்டி பார்க்கணும், இன்னொரு கமிட்டி அந்தக் கமிட்டியைப் பார்க்கணும். நான் போன் பண்ணினா "ப்ராசஸ்ல இருக்கு"ம்பாங்க. இவளோட தசைக்கு எந்தக் கமிட்டியும் கிடையாது, அது பாட்டுக்குக் கரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. கூடத்துல நாலு நடை ரெண்டு நடையாச்சு. அப்புறம் சுவரைத் தொட்டுக்கிட்டு. அப்புறம் மாமா கடையை அரை நாள் மூடிட்டு வந்து ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போக ஆரம்பிச்சார். அவர் இப்ப என் கையை அழுத்தறதில்லை. ஒருநாள் அவரே அந்த ஆபீசுக்குப் போன் போட்டு, நான் கேட்டறியாத வார்த்தையெல்லாம் பேசினார்.

கடைசியில வந்துச்சு. நோய் தரும் மாற்றம், உறுதி. ஆதாரத்துல முதல் வரியே எல்லா உயிர்லயும் மாறாத அந்த இடம்தான், என் பொண்ணோட பச்சை. நோய்க்கு ஒரு பேரும் இருந்துச்சு. அவ அந்தப் பேரை ரெண்டு மூணு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தா. மறுவாரமே பெங்களூருக்குக் கூப்பிட்டாங்க.

அங்கே ஒரு நீளமான வராந்தா. தரையில இந்தக் கோடியில ஒரு நாடா, அந்தக் கோடியில ஒரு நாடா, நடுவுல பத்து மீட்டர். எங்களுக்கு முன்னாடி சாமராஜநகர்ப் பையன், அன்னிக்கு முதல்ல கையைத் தூக்கின அம்மாவோட பையன், அவனுக்கு வயசு கம்மி, தத்தித் தத்தி அடுத்த நாடாவைத் தாண்டிட்டான். அவங்கம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. நானும் அவங்க முதுகைத் தட்டிக் குடுத்தேன். சந்தோஷமா இருந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன்.

என் பொண்ணு சக்கர நாற்காலியிலேர்ந்து எந்திரிச்சா. நான் பிடிக்கப் போனேன், பரிசோதனைக்காரர் வேண்டாம்னு கை காட்டினார். அவ நின்னா. ஒரு அடி வச்சா. இன்னொண்ணு வச்சா. மூணாவதுக்குக் கால் மடங்கிடுச்சு, அவரே ஓடி வந்து தாங்கினார். நல்ல மனுஷன்தான். "சாரி கண்ணம்மா"ன்னு சொல்லிக்கிட்டே தாள்ல ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"போன தசராவுக்கு நான் நடந்தேன் சார்"னா அவ. "அரண்மனை லைட் பார்க்க வீட்டுலேர்ந்து நடந்தே போனேன். அதை எழுதிக்கோங்க."

"இன்னிக்கு நடக்கறதைத்தாம்மா எழுத முடியும். அதுக்கு இதுல இடமில்லை."

அவ தரையில ஒட்டியிருந்த நாடாவையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்பக்கூட அவ அழல. நான் அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினேன். அந்தப் பெருக்கல் குறிக்கு மேலயே, கரும்பலகையில எழுதற மாதிரி பெரிய பெரிய எழுத்துல எழுதினேன்: நீங்கள் கேட்காமல் இருந்தபோது இவள் நடந்தாள்.